திறந்த கல்வி வளங்களைப் பரப்ப நூலகத்துக்கு நான்கு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

கல்லூரி நூலகர்கள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "திறந்த கல்வி வளங்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார், சிறு தொகையும் ஒதுக்கிவிட்டார். இணையதளத்தில் ஒரு பட்டியல் போட்டால் போதுமா? ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவதா? டிஸ்பேஸ் மென்பொருளை நிறுவிச் சொந்த மின்களஞ்சியம் தொடங்குவதா? இல்லை, தமிழில் ஏதாவது கொண்டுவரலாமா?"

நான்கும் நல்ல வேலைகள்தான். ஆனால் ஒரு நூலகரும் ஓரிரு உதவியாளர்களும் மட்டுமே இருக்கும் இடத்தில் நான்கையும் ஒரே கல்வியாண்டில் கையிலெடுத்தால், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வந்து போவதற்குள் நான்கும் பாதியில் நின்றுவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வுக்கு உதவத்தான் இந்த ஒப்பீடு. தமிழ்நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

எந்த வளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் மட்டும் குழப்பம் வேண்டாம். இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைப்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. நகலெடுக்கலாம், திருத்தலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், மறுபடி வெளியிடலாம் என்று ஆசிரியரோ நிறுவனமோ உரிமத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமாக இருக்கும். யுனெஸ்கோ 2002-இல் "திறந்த கல்வி வளங்கள்" என்ற பெயரை முன்வைத்தது. 2019 நவம்பரில் இதற்கென ஒரு பரிந்துரையையே நிறைவேற்றியது. எம்ஐடி தன் பாடங்களை இணையத்தில் திறந்துவிடப்போவதாக அறிவித்தது 2001-இல். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. இந்தியாவில் என்சிஇஆர்டி நடத்தும் தேசியக் களஞ்சியம் 2013-இல் வந்தது.

## அமெரிக்கக் காரணம் நமக்குப் பொருந்துமா?

அமெரிக்க நூலகங்கள் இந்த வேலைக்குள் இறங்கியதற்கு முதல் காரணம் பாடநூல் விலை. ஒரே ஒரு பாடத்துக்கான நூல் அங்கே நூறு, இருநூறு டாலர் வரை போகும். அதனால் "மாணவர்களுக்கு இவ்வளவு மிச்சம்" என்று கணக்குக் காட்டியே அங்கே நிதி வாங்கிவிடலாம். அதே வாதத்தை நம் கல்லூரியில் வைத்தால் எடுபடாது. இங்கே பாடநூலுக்கு மலிவுப் பதிப்பு இருக்கிறது, கைடு இருக்கிறது, சீனியரின் நோட்ஸ் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் விலையுயர்ந்த நூலை வாங்குவதே இல்லை. செலவே செய்யாதவருக்கு மிச்சம் காட்டி என்ன பயன்?

நம் மாணவருக்கு உண்மையில் இல்லாதது நல்ல நூல். தேர்வுக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்யும் கைடும், பாதி பக்கம் மங்கிப்போன ஜெராக்ஸும் மட்டுமே கையில் இருக்கும் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, தெளிவான படங்களும் பயிற்சிக் கணக்குகளும் உள்ள ஒரு முழு நூல் செல்பேசியிலேயே கிடைத்தால் அது பெரிய விஷயம். படிப்பு முடிந்து வெளியே போன பிறகும் அந்த நூல் அவரிடம் இருக்கும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,822 மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துச் செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலுக்கு மாறிய வகுப்புகளில் மதிப்பெண் உயர்ந்ததையும், தோல்வியும் இடைவிலகலும் குறைந்ததையும் அது காட்டியது. அரசு உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். அந்த எண்களை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் முதல் நாளிலேயே எல்லோர் கையிலும் நூல் இருந்தால் யாருக்கு அதிகப் பயன் என்பது அதிலிருந்து தெரிகிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்கள் போதும். அவற்றில் முதலாவதற்கு மற்ற நான்கையும் சேர்த்தால் வரும் எடையை நான் கொடுப்பேன்.

பாடத்திட்டத்தைத் தொடுகிறதா? மாணவர் எந்த நூலைத் திறப்பார் என்பது இரண்டே இடங்களில் முடிவாகிறது. ஒன்று, பாடத்திட்டத் தாளின் கடைசியில் "பாடநூல்கள்", "பார்வை நூல்கள்", "இணைய ஆதாரங்கள்" என்று வரும் சில வரிகள். மற்றொன்று, இன்டர்னல் தேர்வுக்கு முன் "இதிலிருந்து படிங்க" என்று ஆசிரியர் வகுப்பில் சொல்வது. இந்த இரண்டில் ஒன்றையாவது எட்டாத முயற்சி, எவ்வளவு அழகாக இருந்தாலும், நூலக ஆண்டறிக்கையில் ஒரு பத்தியாக முடிந்துவிடும்.

எவ்வளவு ஆள்நேரம் கேட்கிறது? தொடக்க விழாவுக்கு ஆகும் நேரத்தை விடுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் திரும்பத் திரும்ப எவ்வளவு நேரம் போகும் என்பதைக் கணக்கிட வேண்டும்.

உரிமச் சிக்கல் எவ்வளவு? இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

ஆள் மாறினாலும் நிற்குமா? பணியிட மாற்றம், ஓய்வு, ஒப்பந்தம் முடிந்த தற்காலிகப் பணியாளர். இவை மூன்றும் நம் நூலகங்களில் எப்போதும் நடப்பவை.

செல்பேசிக்கும் தமிழுக்கும் பொருந்துமா? நூறு எம்பி பிடிஎஃப் கோப்பை டேட்டா தீர்ந்துபோன மாணவரால் இறக்க முடியாது. தமிழ்வழியில் தேர்வு எழுதுபவருக்கு ஆங்கில நூல் பாதித் தூரம்தான் துணை வரும்.

## கூட்டத்தில் கட்டாயம் எழும் இரண்டு ஆட்சேபங்கள்

"ஜெராக்ஸ் தொகுப்பே சட்டப்படி செல்லுமே, அப்புறம் இது எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடம் நடத்தும் தேவைக்காக நூல்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொன்னது. மாணவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த விலக்கு வகுப்புத் தேவையோடு நின்றுவிடுகிறது. அந்தத் தொகுப்பை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றவோ, திருத்தவோ, தமிழாக்கி வெளியிடவோ அதைக் காட்டி உரிமை கோர முடியாது. அச்சில் மட்டுமே கிடைக்கும் ஒரு முக்கியமான கட்டுரையை இரண்டு பிரிவு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஜெராக்ஸ் தொகுப்புதான் சரியான வழி. அதோடு அதன் எல்லை முடிகிறது.

இன்னொன்று, "ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே" என்பது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தத் திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாயில் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் அவை இதழ்கள். இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவருக்கு வேண்டிய பாடநூல் அங்கே இல்லை. அரசு நிறுவனங்களுக்கான திட்டம் என்பதால் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அது கைக்கெட்டவில்லை. சந்தா நின்றால் வாசிப்பும் நிற்கும்.

## வழி 1: தொகுத்த வழிகாட்டிப் பக்கம்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். செலவு மிகக் குறைவு, உடனே தொடங்கலாம்.

பெரும்பாலான நூலகப் பக்கங்களில் தேசிய மின்னூலகம், ஸ்வயம், என்பிடெல், இ-பிஜி பாடசாலை, இ-ஞானகோஷ், எம்ஐடி, ஓப்பன்ஸ்டாக்ஸ் என்று லோகோக்கள் வரிசையாக இருக்கும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதியியல் மாணவர் ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால் எதைச் சொடுக்குவது, உள்ளே போய் எதைத் தேடுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பட்டியலை இணையதளங்களின் பெயரில் அடுக்காமல் பாடக் குறியீட்டின்கீழ் அடுக்க வேண்டும். இந்தப் பாடம், இந்த அலகு, இந்த நூலின் இந்த அத்தியாயம், இதுதான் சுட்டி. இருபது துறைகளுக்கும் செய்ய முடியாவிட்டால் மூன்று துறைகளுக்கு மட்டும் செய்யலாம்.

மறைந்திருக்கும் செலவு பராமரிப்பு. சுட்டிகள் செத்துப்போகும், நூலின் புதிய பதிப்பில் அத்தியாய எண் மாறும், பாடத்திட்டம் மாறியதும் எல்லாம் கலைந்துவிடும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஓர் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அப்புறம் உரிமம். இ-ஞானகோஷில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்களைத் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் பதிப்புரிமை பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. தேசிய மின்னூலகத்தில் தேடினால் வரும் முடிவுகள் எல்லாமே முழுதாகத் திறப்பதில்லை. சில, சந்தா கேட்கும் தளத்தில் போய் முட்டும். எனவே ஒவ்வொரு சுட்டிக்குப் பக்கத்திலும் "படிக்க மட்டும்" அல்லது "நகலெடுக்கலாம், திருத்தலாம்" என்று ஒரு குறிப்பு இருப்பது அவசியம்.

எப்போது இதுவே சிறந்தது? பாடத்திட்டத்தை மாற்ற அதிகாரமில்லாத, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்கு. அங்கே அலகுவாரியான பட்டியலை அந்தந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் கையாலேயே போடவைத்தால், நூலகப் பக்கத்தில் நூறு நாள் கிடப்பதைவிட அதிகமாகச் சேரும்.

## வழி 2: ஆசிரியரை மதிப்புரை எழுதவைத்து நூலை ஏற்கவைப்பது

அமெரிக்காவில் நன்றாக வேலை செய்த வழி இதுதான். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாக நூலகம் 2011-இல் ஆசிரியர்களுக்குச் சிறு நிதியுதவி கொடுத்து, விலையுள்ள பாடநூலுக்குப் பதிலாகத் திறந்த நூலையோ நூலக வளங்களையோ வைத்துப் பாடத்தை மாற்றியமைக்கச் சொன்னது. மினசோட்டா பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய திறந்த பாடநூல் நூலகம் இன்னும் எளிய முறையைக் கையாண்டது. ஆசிரியர் ஒரு பயிலரங்குக்கு வர வேண்டும். தன் துறையிலுள்ள ஒரு திறந்த நூலைப் படித்து மதிப்புரை எழுத வேண்டும். எழுதினால் 200 டாலர். "இந்த நூலை வகுப்பில் வையுங்கள்" என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஒரு நூலை முழுதாகப் படித்து நிறைகுறை எழுதிய ஆசிரியர், பிடித்திருந்தால் தானே வகுப்புக்குக் கொண்டுபோவார். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்பது நமக்கு எழுத்தில் கிடைக்கும். இரண்டுமே லாபம்.

இது எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். இளநிலைப் பொருளியலில் நுண்பொருளியல் பாடம். ஓப்பன்ஸ்டாக்ஸின் பொருளியல் நூலை ஆசிரியர் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். தேவையும் அளிப்பும் மூன்றாம் அத்தியாயத்தில், நெகிழ்ச்சி ஐந்தாவதில், உற்பத்தியும் செலவும் ஏழில், நிறைபோட்டி எட்டில், முற்றுரிமை ஒன்பதில். மடமடவென்று பொருந்துகிறது. நம் பாடத்திட்டத்தில் பெரிய இடம் பிடிக்கும் சமநோக்கு வளைகோடு எங்கே என்று தேடினால், அது அந்த நூலில் ஒரு தனி அத்தியாயமாகக்கூட இல்லை. பின்னிணைப்பில் சுருக்கமாக இருக்கிறது. தேர்வில் முழு வினா வரும் பகுதிக்கு அது போதாது. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து வருகின்றன, எல்லாம் டாலரில்.

நூலைத் திருத்த உரிமை இருப்பதன் அருமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. சாதாரண நூலாக இருந்தால் "சரி, பார்வை நூலாக வைத்துக்கொள்ளலாம்" என்று மூடிவைத்துவிட வேண்டியதுதான். இங்கே ஆசிரியர் சமநோக்கு வளைகோட்டுக்குத் தானே பதினைந்து பக்கம் எழுதிச் சேர்க்கலாம். பெட்ரோல் விலைக்குப் பதிலாகக் கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறி இறங்குவதை வைத்து நெகிழ்ச்சியை விளக்கலாம். தேவையில்லாத அத்தியாயங்களை நீக்கலாம். அந்தத் தொகுப்பை மாணவர்களுக்குக் கொடுக்கலாம், பக்கத்துக் கல்லூரிக்கும் கொடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். முதலாவது பணம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் சொந்த ஆசிரியருக்கு மதிப்பூதியம் கொடுப்பது எளிதல்ல. தணிக்கை கேள்வி கேட்கும். பணம் தர வழியில்லாத இடத்தில் வேறு ஊக்கம் யோசிக்க வேண்டும். ஆசிரியர்கள் உருவாக்கும் மின்பாடங்களைப் பற்றி நாக் கேட்பதால், முறையாக எழுதி நூலகம் வெளியிட்ட மதிப்புரைக்கும் தழுவல் நூலுக்கும் ஆவண மதிப்பு உண்டு. பணிமதிப்பீட்டில் அதைக் காட்ட முதல்வர் ஒரு கடிதம் கொடுத்தாலே பலர் முன்வருவார்கள்.

இரண்டாவது நேரம். பாடத்திட்டம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திருத்தப்படும். அதைத் திருத்தும் பாடத்திட்டக் குழுவின் (போர்டு) கூட்டம் முடிந்த மறுமாதம் மதிப்புரை கையில் கிடைத்தால் அது அடுத்த திருத்தம் வரை காத்துக்கிடக்கும். எனவே பயிலரங்கின் தேதியைக் கூட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது உரிமப் பொருத்தம். ஓப்பன்ஸ்டாக்ஸின் நூல்கள் பலவும் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் இருக்கின்றன, ஆனால் நுண்கணித நூல் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் இருக்கிறது. நூலுக்கு நூல் பார்த்தாக வேண்டும். விக்கிப்பீடியாவின் உரிமமும் எம்ஐடி பாடங்களின் உரிமமும் "இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்" என்று தனித்தனியே கேட்பவை. அவை வெவ்வேறு என்பதால் இரண்டையும் குழைத்து ஒரே தழுவலாக வெளியிட முடியாது. ஆசிரியருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வழியில் நூலகத்தின் உண்மையான பங்களிப்பே அதுதான் என்று நினைக்கிறேன்.

எப்போது சிறந்தது? தன்னாட்சிக் கல்லூரிக்கும், பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளுக்கும். அங்கே பாடத்திட்டக் குழு நம் வளாகத்துக்குள்ளேயே கூடுகிறது.

## வழி 3: சொந்தக் களஞ்சியம்

"நம் ஆசிரியர்கள் எழுதியவற்றை நாமே வெளியிடுவோம்." கேட்க மிகவும் நன்றாக இருக்கும். நிர்வாகத்துக்கு மிகவும் பிடிக்கும் யோசனையும் இதுதான், ஏனென்றால் திறந்துவைக்க ஒரு பொருள் இருக்கிறது.

மென்பொருள் இலவசம். எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸைத்தான் நம் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. ஆனால் நடத்தும் செலவு இலவசமில்லை. டிஸ்பேஸ் 6-க்கான ஆதரவு 2023 ஜூலையோடு முடிந்தது. ஏழாம் பதிப்பிலிருந்து முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டதால் பழைய சர்வரில் அது மூச்சுத்திணறும். நிறுவிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போனபின் அப்டேட் செய்ய ஆளில்லாமல் நிற்கும் களஞ்சியங்களை நிறையப் பார்க்கலாம். பேக்கப் எங்கே இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாவிட்டால் களஞ்சியத்தைத் தொடங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய செலவு உள்ளடக்கத்தில் ஒளிந்திருக்கிறது. ஆசிரியர் அனுப்பும் பவர்பாயிண்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். விளக்கம் அவருடையதாக இருக்கும். இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் நூலிலிருந்து வந்திருக்கும், அட்டவணை யாரோ ஒருவரின் ஆய்விதழ்க் கட்டுரையிலிருந்து வந்திருக்கும், நடுவில் கூகுளில் கிடைத்த மூன்று படங்கள் இருக்கும். வகுப்பில் காட்டியவரை பிரச்சினை இல்லை. களஞ்சியத்தில் ஏற்றி அதன்மேல் திறந்த உரிமத்தை ஒட்டினால், நமக்குச் சொந்தமில்லாததை ஊருக்கு எழுதிக்கொடுத்ததாகிவிடும். ஒவ்வொரு படத்தையும் விக்கிமீடியா காமன்ஸிலோ ஓப்பன்ஸ்டாக்ஸிலோ தேடி மாற்ற வேண்டும், அல்லது புதிதாக வரைய வேண்டும். இந்த வேலையின் அளவைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் களஞ்சியத்தின் விலை புரிகிறது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு. பணியின்போது எழுதியது நிறுவனத்துக்கு முதலுரிமை என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் ஆசிரியரின் பாடக்குறிப்பு அதில் அடங்குமா என்பதில் சண்டை வேண்டாம். இருவரும் கையெழுத்திடும் ஒரு பக்க ஒப்புதல் படிவம் போதும்.

களஞ்சியம் எப்படி நிரம்பும் என்பதற்கு நம் கண்ணெதிரே ஒரு பாடம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களுக்கான மத்திய அமைப்பான இன்ஃப்லிப்னெட்டின் சோத்கங்கா களஞ்சியம் முனைவர் பட்ட ஆய்வேடுகளால் நிறைந்து கிடக்கிறது. விளம்பரமும் பயிலரங்கும் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. மின்பிரதி கொடுத்தே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி கொண்டுவந்தது. விதியோ, பணிமதிப்பீட்டில் இடமோ இல்லாத களஞ்சியத்தில் முதல் ஆண்டு ஆர்வத்தில் ஏற்றிய கோப்புகள் மட்டுமே மிஞ்சும்.

ஆனாலும் ஒரு சூழ்நிலையில் இந்த வழியை உரக்கப் பரிந்துரைப்பேன். தொலைநிலைக் கல்வி நடத்தும் பல்கலைக்கழகங்களிடம் மாணவர்களுக்காகவே எழுதிய பாடப்புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எழுதியவருக்கு ஊதியம் கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தப்படி உரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்தால், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒரு தீர்மானத்தில் அவற்றை எல்லோருக்கும் திறந்துவிடலாம். அவற்றில் தமிழில் எழுதியவையும் நிறைய உண்டு. அந்தப் புத்தகங்கள் பூட்டிய அறையில் கிடப்பதைப் போன்ற வீண் வேறில்லை. இங்கும் ஒரு செலவு வரும்: பழைய கோப்புகள் ஒருங்குறி அல்லாத பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். ஒருங்குறிக்கு மாற்றி ஒருவர் மெய்ப்புப் பார்க்காவிட்டால் தேடலில் எதுவும் அகப்படாது, செல்பேசியில் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும்.

## வழி 4: தமிழாக்கமும் தழுவலும்

மனதுக்கு மிக நெருக்கமான வழி இது. அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இதற்கு இணையான உதவி வேறில்லை. கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழ் நூல்களைக் கொண்டுவரும் அரசு முயற்சிகள் 1960-களிலேயே நடந்தன. இன்று தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ தன் இ-கும்ப் தளத்தில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பொறியியல் நூல்களைத் தருகிறது. ஓப்பன்ஸ்டாக்ஸின் இயற்பியல் நூல் போலிஷ் மொழிக்குப் போயிருக்கிறது. தமிழுக்கு வர உரிமத் தடை எதுவும் இல்லை.

தடை உழைப்பில்தான். இயந்திர மொழிபெயர்ப்பு முதல் வரைவைத் தந்துவிடும். ஆனால் ஒரே சொல்லுக்கு மூன்று பக்கங்களில் மூன்று கலைச்சொற்களைப் போடும். தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவையைப் பார்த்து, துறை ஆசிரியர் ஏற்று, வினாத்தாளில் வரும் சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். படங்களுக்குள் இருக்கும் ஆங்கிலச் சொற்களை மாற்ற வரைகலை தெரிந்த ஆள் வேண்டும். தழுவலுக்கு இடம் தராத உரிமத்தில் உள்ள நூலைத் தமிழாக்கி வெளியிடவே கூடாது.

ஒரு கல்லூரி நூலகம் தனியாக ஒரு முழு நூலை எடுத்தால் முடியாது. நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஆளுக்கு இரண்டு அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டால் முடியும். அதற்கும் முன்னால், ஒரு பாடத்துக்கான ஆங்கிலம்-தமிழ்க் கலைச்சொல் பட்டியலை மட்டும் செய்து திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். நாற்பது பக்கத்துக்குள் அடங்கும். அடுத்த பருவத்திலேயே மாணவர் கைக்குப் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வழிகாட்டிப் பக்கம் | மதிப்புரையும் ஏற்பும் | சொந்தக் களஞ்சியம் | தமிழாக்கம் |
|---|---|---|---|---|
| பாடத்திட்டத்தைத் தொடுகிறதா | ஆசிரியர் பகிர்ந்தால் மட்டும் | நேரடியாக | பாடத்தோடு இணைத்தால் மட்டும் | தமிழ்வழி வகுப்புகளில் ஆழமாக |
| ஆள்நேரம் | தொடக்கத்தில் குறைவு, பருவந்தோறும் தொடரும் | நடுத்தரம் | அதிகம், முடிவே இல்லை | மிக அதிகம், ஆனால் ஒருமுறை |
| உரிமச் சிக்கல் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | தொடக்கத்தில் சரிபார்த்தால் குறைவு |
| ஆள் மாறினால் | ஒரே ஆண்டில் பழசாகும் | பாடத்திட்டத்தில் ஏறியது நிற்கும் | சர்வரோடு சேர்ந்து விழும் | நூல் நிற்கும் |
| மறைந்த செலவு | செத்த சுட்டிகள் | மதிப்பூதிய அனுமதி, கூட்டத் தேதி | படங்களின் உரிமை, மென்பொருள் அப்டேட், எழுத்துரு | கலைச்சொல், வரைபடம், மெய்ப்பு |

## சரி, எதை எடுப்பது?

தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் தயங்காமல் இரண்டாம் வழி. எல்லாத் துறைகளையும் அழைக்காதீர்கள். முதல் ஆண்டில் அதிக மாணவர் படிக்கும், அதிக அரியர் விழும் மூன்று பாடங்களைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்டு வாங்கி, அந்த ஆசிரியர்களிடம் மட்டும் பேசுங்கள்.

இணைவுபெற்ற கல்லூரி என்றால் முதல் வழியை அலகுவாரியாகச் செய்யுங்கள். உங்கள் ஆசிரியர்களில் யாராவது பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் உறுப்பினராக இருக்கக்கூடும். தயாரித்த பட்டியலை அவரிடம் கொடுங்கள். "இணைய ஆதாரங்கள்" என்ற பகுதியில் ஒரு நூலின் பெயர் ஏறினால், அது அந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும்.

பல்கலைக்கழக நூலகத்துக்குத் தொலைநிலைக் கல்விப் பாடங்கள் கையில் இருந்தால் மூன்றாவது. அவை இல்லாமல், கணினித் துறையின் நிரந்தரப் பணியாளர் ஒருவரின் பொறுப்பும் இல்லாமல் சர்வர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை மதிப்புரைகளுக்குச் செலவிடுங்கள்.

தமிழ்வழி மாணவர்கள் பெரும்பான்மையாக உள்ள கல்லூரி, சுற்றியுள்ள கல்லூரி நூலகர்களோடு பேசிக் கலைச்சொல் பட்டியலில் தொடங்கலாம்.

எந்த வழியை எடுத்தாலும் பதிவிறக்க எண்ணிக்கையை வெற்றிக் கணக்காக முதல்வரிடம் காட்டாதீர்கள்; அது ஏறும் இறங்கும், அதில் தேடுபொறிகளின் வருகையும் கலந்திருக்கும். எத்தனை பாடங்களின் பாடநூல் வரியில் திறந்த நூல் ஏறியிருக்கிறது, அந்தப் பாடங்களில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், இந்த இரண்டு எண்களைக் கொடுங்கள். போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். எனவே துறைத்தலைவருக்கு மதிப்புரையையும் அலகுவாரிப் பொருத்த அட்டவணையையும் இணைத்து அனுப்ப வேண்டிய கடிதத்தை, கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே தயாராக வைத்திருங்கள்.